அல்லிநகரத்து ஏரோப்பிளான்

கைகள் எஞ்சினின் நான்காவது பிளக்கையும் திருகி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தன. கரி படியவில்லை. எண்ணெய் ஒட்டவில்லை. முனை மட்டும் சற்றே வெளுத்திருந்தது. நெருப்பு ஒழுங்காகத்தான் விழுகிறது, பெட்ரோல் தீனிதான் எங்கோ குறைகிறது என்று அந்த வெளுப்புச் சொன்னது. விரல்கள் பிளக்கைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்து, வெறும் கைப் பலத்திலேயே பாதி மரை ஏற்றின. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டன.

அடுத்து முக்காலியின் மேல் ஏறி, மேல் இறக்கையின் நடுவில் இருந்த பெட்ரோல் டாங்கியைத் துடைக்கும் வேலை. ஈரத்துணி தகரத்தின் மேல் வட்டம் வட்டமாக வந்தது. மூடிக்கு வந்தபோது மட்டும் விளிம்போடு நின்று திரும்பிவிட்டது. மூடியின் நடுவில் சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதன் மேல் மங்கலாகக் குங்குமம்.

அந்தக் கைகள் தவசியுடையவை. பருத்தி அரவை ஆலையில் எஞ்சின் பிட்டர். அல்லிநகரத்துக்கு வெளியே, ஆலை கைவிட்ட ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் அவர் ஒரு ஏரோப்பிளானை வைத்திருந்தார். சொந்த ஏரோப்பிளான்.

அது மேகமலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரையினுடையது. யுத்தத்துக்கு நாலைந்து வருடம் முன்பு எஞ்சின் நின்று கண்மாய்க்குள் இறங்கி, சக்கரம் முறிந்து, ஒரு பக்கத்து இறக்கை கிழிந்தது. துரைக்கு இடுப்பில் அடி. சீமைக்குத் திரும்பும்போது, கண்மாயிலிருந்து அதைக் கட்டி இழுத்து வந்த தவசிக்கே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். எஞ்சினோடு வந்த புத்தகத்தின் எழுத்தைத் தவசியால் வாசிக்க முடியாது. படங்களைப் பார்த்தார். ஆலை எஞ்சினில் எது எங்கே இருக்கிறதோ அதை இதில் தேடினார். இல்லாததை யோசித்துக் கண்டுபிடித்தார். இறக்கையின் மரச்சட்டங்களைத் தேக்கில் இழைத்துச் சேர்த்தார். அதன் மேல் துணியைத் தைத்தது அவர் மனைவி ராமுத்தாய்.

அவர் பறந்ததில்லை. பறக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதாகவும் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதை வெளியே தள்ளி, வாலை வேப்பமரத்தில் கட்டி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அவ்வளவுதான்.

அதைக் கிளப்ப இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றவேண்டும். இன்னொருவர் ஆசனத்தில் உட்கார்ந்து சுவிட்சைப் பார்க்கவேண்டும். விசிறிக்காரர் "சுவிட்ச் ஆஃப்" என்றால் ஆசனக்காரரும் "சுவிட்ச் ஆஃப்" என்று திருப்பிச் சொல்லவேண்டும். "கான்டாக்ட்" என்றால் சுவிட்சைப் போட்டுவிட்டு "கான்டாக்ட்" என்று சொல்லவேண்டும். பதில் வராமல் விசிறியைத் தொட்டால் கை போய்விடும். ஆசனத்தில் ராமுத்தாய்தான் உட்காருவாள். வயல் தாண்டிக் கேட்கும்படி "காண்டாக்டு!" என்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சொல் விளையாட்டுச் சொல்லாகவும் ஆகிவிட்டது. சோறு வெந்ததா என்று அவர் கேட்டால் அடுப்படியிலிருந்து "காண்டாக்டு" என்று பதில் வரும்.

போன மார்கழியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு தவசி சக்கரத்துக்குக் கட்டை வைத்து, விசிறியின் முன் நின்று "கான்டாக்ட்" என்பார். சுற்றிப் போய் ஆசனத்தில் எட்டிச் சுவிட்சைப் போட்டு, அங்கே நின்று "கான்டாக்ட்" என்பார். திரும்பி வந்து சுற்றுவார். கேட்பவர் யாரும் இல்லாவிட்டாலும் இரண்டு தடவையும் வாய்விட்டே சொன்னார்.

பங்குனியில் சர்க்காரிடமிருந்து தந்தி வந்தது. யுத்தத்துக்காக நாட்டிலுள்ள சின்ன விமானங்களை எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து ஒரு பைலட் வருவார். பறக்கும் நிலையில் இருந்தால் ஓட்டிக்கொண்டு போவார். இல்லையென்றால் பிரித்து லாரியில் ஏற்றி, உதிரிபாகங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கே தவசி எஞ்சினை நீண்ட நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். உலை கொதிக்கும் நேரம்வரை நன்றாக ஓடியது. பிறகு இருமியது, சுருதி இறங்கியது, நின்றது. டாங்கியைத் திறந்து மூங்கில் குச்சியால் பெட்ரோலை அளந்தார்; இருந்தது. மறுபடி கிளப்பினார், ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. உலை கொதிக்கும் நேரம் ஆனதும் மறுபடி நின்றது.

பைலட்டிடம் இதைச் சொன்னால் லாரி வரும். சொல்லாமல் விட்டால், ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேலே எஞ்சின் நிற்கும். தவசி அன்றிலிருந்து ஆலைக்குப் போகவில்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைப் பிரித்தார். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் பீச்சும் ஊசித்துளையான ஜெட்டை ஊதினார். வடிகட்டியைக் கழுவினார். பஞ்சுக் கிட்டங்கி என்பதால் பஞ்சு போயிருக்கும் என்று குழாய் முழுவதையும் இறக்கிச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மேலே ஏறி, மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். ஆலையில் எஞ்சின் நின்றால் முதலில் எண்ணெயைப் பார் என்று பழகிய கை.

வியாழக்கிழமை மதியம் அவர் அக்காள் அக்கம்மாள் தூக்குவாளியில் கம்பங்கூழோடு வந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருமி நின்றது.

"என்னலே, உன் மாடு படுத்துக்கிருச்சு?"

தவசி சுவிட்சை அணைத்தார்.

"ஊருல அவனவன் வண்டிமாடு வச்சிருக்கான். எந்தம்பி ஏரோப்பிளான் வச்சிருக்கான். மாடுன்னா சாணியாச்சும் போடும்."

"செத்த நேரம் சும்மா இரு, அக்கா."

"சும்மாத்தானப்பா இருக்கேன். நாளைக்குக் கவர்மென்ட்டுக்காரக வந்து கொண்டு போனா, நீயும் மனுசன் மாதிரி வீட்டுல வந்து சாப்புடு. இங்கனயே கெடந்து சாகாத."

அக்காவுக்கு முகம் காட்ட மனமில்லாமல் தவசி முக்காலியில் ஏறாமல் நேரே எஞ்சினடியில் குனிந்தார். கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் நூலாக ஒழுகியது. நூல் மெலிந்தது. சொட்டாயிற்று. நின்றே போயிற்று.

டாங்கியில் பாதிக்கு மேல் இருக்கிறதே. குழாயை நேற்றுத்தான் கழுவினோமே. தவசி மெல்ல எழுந்து, முக்காலியில் ஏறி, மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். இத்தனை நாளும் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி என்று விட்டிருக்கிறார்.

"ஏலே! அடியில ஊத்துது பாரு!" என்று கத்தினாள் அக்கம்மாள்.

எஞ்சினடியில் பெட்ரோல் தாரையாக விழுந்துகொண்டிருந்தது.

சீமையெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது. காற்றுப் போக எதிர்ப்பக்கம் இன்னொன்று போடவேண்டும். கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இந்த டாங்கியில் அந்த இரண்டாவது ஓட்டை மூடியின் நடுவில் இருந்தது. குண்டூசித் தலையளவு. அது அடைத்துப் போனதால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று இல்லாமல், டாங்கி தன் பெட்ரோலைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றதும் அவர் செய்த முதல் வேலையே மூடியைத் திறந்ததுதான். குற்றத்தைத் தேடப் போகும் ஒவ்வொரு முறையும் அதை அவரே தீர்த்துவைத்துவிட்டுத் தேடியிருக்கிறார்.

குழாயை மாட்டிவிட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தவசி தரையில் உட்கார்ந்தார்.

ஐப்பசியில் ஆயுத பூஜை வந்தபோது ராமுத்தாய் கட்டிலை விட்டு எழ முடியாமல் இருந்தாள். வருடா வருடம் விசிறிக்கும் இறக்கைக்கும் பொட்டு வைப்பவள். இந்த வருடமும் என் கையால்தான் வைப்பேன் என்றாள். ஏரோப்பிளானைக் கட்டிலுக்குக் கொண்டுபோக முடியுமா? எது கையோடு வருமோ அதைக் கொண்டுபோனார். அவள் மூன்று விரலால் சந்தனத்தை அழுத்தி அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, மூடியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மற்ற வருடங்களில் பூஜைக்கு மறுநாள் எல்லாப் பொட்டையும் அவரே துடைத்துவிடுவார்; இயந்திரத்தில் அழுக்கு நிற்கக்கூடாது. இதை மட்டும் விட்டுவிட்டார்.

அக்கம்மாள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "அது ராமு வச்ச பொட்டுல்ல?"

"ஆமாக்கா."

"அதா அடச்சிக்கிருச்சு?"

அவர் தலையசைத்தார். அக்கம்மாள் குரலைத் தாழ்த்தி, "ஒரு ஊசிய வச்சு நடுவுல குத்திவிட்டா ஆகாதா? பொட்டு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றாள்.

தவசியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நகத்தால் சந்தனத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது. ஆகாயத்தில் அந்த ஆட்டத்துக்கு விரிசல் விடும், உள்ளே விழும், ஜெட்டில் போய் உட்காரும்.

"ஆகாதுக்கா."

அக்கம்மாள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் ஊற்ற, அவர் கட்டை விரலால் தேய்த்தார். முதலில் சிவப்பாக, பிறகு மஞ்சளாகத் தண்ணீர் உள்ளங்கையில் நின்று வழிந்தது. பித்தளை வெளுக்கும்வரை தேய்த்தார். ஓட்டையை ஊதி, கண்ணில் வைத்துப் பார்த்தார். மறுபக்கம் வேப்பமரத்தின் ஒரு இலை தெரிந்தது.

சாயங்காலம்வரை எஞ்சின் ஓடியது. அவரே நிறுத்தும்வரை ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை ஏசுதாசன் என்ற பைலட் வந்தார். இளவயது. கம்பம் பக்கத்துக் காற்று கிளம்புமுன் புறப்படவேண்டும் என்று அவசரப்பட்டாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறக்கையின் தையல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

"இது யாரு தைச்சது, ஐயா?"

"வீட்டுல தைச்சது."

"எங்க ஒர்க் ஷாப்ல கூட இவ்வளவு நெருக்கமா போட மாட்டாங்க. எஞ்சின்ல ஏதாவது தொந்தரவு உண்டா?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல. இந்த மூடில நடுவுல மூச்சு ஓட்டை இருக்கு, தம்பி. யாரும் எதையும் பூசிராம பாத்துக்கங்க."

ஏசுதாசன் சிரித்தார். "இதுல போயி யாருங்க பூசப் போறாங்க?"

"பூசுவாக" என்றார் தவசி.

இருவரும் சேர்ந்து ஏரோப்பிளானைக் காய்ந்த கண்மாய்க்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பைலட் ஆசனத்தில் ஏறிப் பட்டையைக் கட்டிக்கொண்டார். தவசி கட்டைகளை வைத்துவிட்டு விசிறியின் முன் வந்து நின்றார்.

"சுவிட்ச் ஆஃப்."

"சுவிட்ச் ஆஃப்."

விசிறியை மெல்ல நாலு சுற்றுச் சுற்றி எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றினார். ஓரடி பின்னால் வந்தார்.

"கான்டாக்ட்" என்றார். பழக்கத்தில் கால் ஆசனத்தின் பக்கம் திரும்பப் போனது.

"கான்டாக்ட்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தவசி காலைப் பழைய இடத்திலேயே ஊன்றி, இரண்டு கையாலும் விசிறியைப் பிடித்து இழுத்துவிட்டார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அது சூடேறும்வரை பக்கத்தில் நின்று கேட்டார். பைலட் கையை அசைத்ததும் குனிந்து, சக்கரத்தடியிலிருந்து கட்டைகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வழியை விட்டு விலகினார்.