நான் முனகாத ராகம்

விமானம் கிளம்பும் முன்னே ஒரு பெண் தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்தாள். மேலே ஏறும்போது காது அடைக்குமாம். மிட்டாயை வாயில் போட்டு ஊறவைக்க வேண்டும், பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். மடியில் இருந்த என் மகனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. மிட்டாயை வாங்கினான், வாயில் போடவில்லை. கைக்குள் இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே காட்டி, "பேப்பா" என்றான். எது கிடைத்தாலும் முதல் கடி பெரியப்பாவுக்கு, அதற்குப் பிறகுதான் தனக்கு. அப்படி ஒரு பழக்கம் அவனுக்கு. நான் விரல்களைப் பிரித்து மிட்டாயை எடுத்து அவன் வாயில் வைத்தேன். துப்பினான். மறுபடியும் வைத்தேன்.

இப்போது பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போவதும் வருவதும் நம் ஊரில் சாதாரணம். போன மாதம் மெல்போர்னிலிருந்து வந்திறங்கிய உறவுக்காரப் பெண், பிள்ளை வழி முழுக்கப் படம் பார்த்துக்கொண்டே வந்தான், ஒரு தொந்தரவும் இல்லை என்றாள். சந்தோஷம். நான் போன காலத்தில் பாறசாலைப் பக்கத்தில் விமானம் ஏறினவர்களே அபூர்வம். சிங்கப்பூரில் கணக்கராக இருந்த என் கணவர், கப்பலில் வா, இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்றுதான் எழுதியிருந்தார். இரண்டு மாதம் அல்ல, இரண்டு நாள்கூட அந்த வீட்டில் இருக்க எனக்கு மனமில்லை. அப்பா போட்ட காப்பு இரண்டையும் விற்று விமானத்துக்கு டிக்கெட் எடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வீட்டில் மூத்தவர் என் கணவரின் அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சபையில் டீக்கன். அவருடைய மனைவி தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மகன் பிறந்த பிறகு அவருக்கு உயிர் அவன்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "எலே மக்கா, வா" என்று கை நீட்டுவார். நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு மூக்கால் ஒரு ராகம் முனகுவார். வார்த்தை கிடையாது. பாட்டு பாதி போவதற்குள் பையன் தூங்கியிருப்பான். என்னிடம்கூட அப்படித் தூங்கமாட்டான். அப்போதெல்லாம் எனக்கு அதில் பெருமைதான்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் சூடாக நடந்த காலம் அது. காஞ்சிரங்குளத்திலிருந்த என் தம்பி அதில் முழுசாக இறங்கிவிட்டான். ஒரு கூட்டத்தில் போலீஸ் தடியை வீச, இவன் திருப்பிக் கல்லை வீச, பிறகு தேட ஆரம்பித்தார்கள். ஓடி என்னிடம் வந்தான். வீட்டுக்குப் பின்னால் தேங்காய் போடும் புரையில் அவனை ஒளித்துவைத்தேன். அத்தானுக்குத் தெரியாமல் செய்யவில்லை; கேட்டுத்தான் செய்தேன். "இங்க இருக்கட்டு. நம்ம பிள்ளையாக்கும்" என்றார். அந்த வார்த்தையை நம்பினேன் பாருங்கள்.

எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் எங்கள் முறை. எங்கள் ஜனங்கள் ஜெபம் செய்கிற விதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பொதுவாகக் கேட்டுவிட்டு எழுந்துவிட மாட்டார்கள். இன்னாருக்கு முழங்கால் வலி, இன்னார் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, இன்னார் பசு கறக்கவில்லை என்று ஆளையும் காரியத்தையும் விவரமாகச் சொல்லித்தான் மன்றாடுவார்கள். வீட்டுக் கூடம் நிறைய ஆள். அதில் ஒரு போலீஸ்காரனின் மாமியாரும் உண்டு; அது ஊருக்கே தெரியும். அத்தான் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, உரக்க, "பிதாவே, இந்த வீட்டின் பின்புறத்துப் புரையிலே ஒளிந்திருக்கிற எங்கள் வாலிபனை உம்முடைய செட்டைகளின் கீழே மறைத்துக் காத்தருளும்" என்றார். நான் கண் விழித்துப் பார்த்தேன். அந்த மாமியாரும் கண் விழித்துத்தான் இருந்தாள்.

அவனை வேறு இடத்துக்கு அனுப்ப ஆள் தேடி முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. முற்றத்திலேயே அடித்தார்கள், பிறகு கொண்டுபோய் அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வலது காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் காது அதோடு போயிற்று. ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அத்தானிடம் கெஞ்சினேன். சர்க்கார் உத்தியோகம், வரமுடியாது என்றார். அடுத்த மாதம் அவரைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று என் கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். கூடப்பிறந்தவன் பாசம் அவருக்கு இருந்தால் எனக்கும் இருக்கும்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். அத்தான் அழுதார். "நான் அவனுக்கு வேண்டியாக்கும் ஜெபிச்சேன், மோளே. கர்த்தரிட்ட சொல்லாம பின்ன யாரிட்ட சொல்லணும்?" என்றார்.

"கர்த்தருக்குச் செவி உண்டு அத்தான். மெல்லச் சொன்னாலும் கேக்கும்" என்றேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவரை அடிக்க என்னால் முடியாது, ஊரில் அவமானப்படுத்தவும் முடியாது. அவருக்கு வலிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது என் இடுப்பில் இருந்தது.

எங்கள் குடும்பங்களில் யார் தூரப் பயணம் போனாலும் வீட்டுக்கு மூத்தவர் தலையில் கை வைத்து யாத்திரை ஜெபம் செய்துதான் அனுப்புவார். அது இல்லாமல் ஒருவர் பக்கத்து நெய்யாற்றின்கரையைக்கூடத் தாண்டமாட்டார். நான் அத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எப்படியோ சேதி போய்விட்டது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மரக்கிராதித் தடுப்புக்குப் பக்கத்தில், சாக்பீஸ் தூசி படிந்த கையோடு மூச்சிரைக்க வந்து நின்றார். பையன் இரண்டு கையையும் நீட்டித் துள்ளினான். "ஒரு வார்த்தை ஜெபிச்சு அனுப்புதேன், மோளே. தலையில கை மட்டும் வைக்கட்டு" என்று கிராதிக்கு மேலே கையை நீட்டினார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினேன். "வேண்டாம் அத்தான். நீங்க கடைசியா ஜெபிச்சவன் ஆஸ்பத்திரியில கிடக்கான்." நீட்டின கை அந்தரத்திலேயே நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பையன்தான் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மதராஸ் வரை ஒரு விமானம், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பெரிய விமானம். பெரியதில் ஏறினதிலிருந்து அழுகைதான். காது வலி ஒரு பக்கம், வாந்தி ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே பேப்பா. முன் இருக்கை வெள்ளைக்காரி இரண்டு தடவை திரும்பி முறைத்தாள். அதிலும் மிட்டாய்த் தட்டோடு வந்த பெண் பால் கொண்டுவந்தாள், பொம்மை கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் தட்டிவிட்டான். பக்கத்தில் ஒரு பெரியவர், சிங்கப்பூரில் ஜவுளி வியாபாரம் செய்யும் பாய். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "புள்ள யாரத் தேடுதும்மா? அவுக வாப்பாவையா?" என்று கேட்டார்.

"இல்ல, பெரியப்பாவ. செத்துப்போயிட்டாரு."

யோசிக்காமல்தான் வாயில் வந்தது. வந்தபிறகு நன்றாகத்தான் இருந்தது. பாய் மனம் இளகி மெல்லிய குரலில் ஏதோ ஓதினார். பையனை வாங்கித் தன் நெஞ்சில் போட்டுத் தட்டினார். நெஞ்சு கிடைத்ததும் அழுகை சட்டென்று நின்றது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த ராகம் இனி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தலையைத் தூக்கிப் பாயின் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

நான் முனகியிருக்கலாம். தினமும் கேட்ட ராகம், எனக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு வரி போதும், தூங்கியிருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மறுபடி வீறிட்டான். அழட்டும், அழுது அழுது அந்த ஆளை வெளியே தள்ளட்டும் என்று நினைத்தேன். கீழே கடல் தெரிந்தது, மேகம் தெரிந்தது, நான் ஒன்றையும் பார்க்கவில்லை. தொண்டை கட்டி, முகம் வீங்கி, கடைசியில் அவனாகவே என் மடியில் சுருண்டான். தூக்கத்திலும் விக்கினான். கல் நெஞ்சுக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். என் தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைவிட அதிகமாக அழுதான்.

சிங்கப்பூரில் மகனுக்கு ராத்திரி ஜெபம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி பெயர் பெயராக: அப்பாவை ஆசீர்வதியும், அம்மாவை ஆசீர்வதியும், மாமா காதைச் சுகப்படுத்தும், பக்கத்து வீட்டுச் சீனத்தியை, அவள் நாயை. முதலில் சில மாதம் கடைசியில் "பேப்பா" என்று ஆரம்பிப்பான். அதற்குள் நான் ஆமென் சொல்லிவிடுவேன். ஆமென் வந்துவிட்டால் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். பிறகு ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டான்.

எல்லை ஒருவழியாகப் பிரிந்தது. விளவங்கோடும் கல்குளமும் சென்னைப் பக்கம் போயின. என் தம்பி அடிவாங்கின நெய்யாற்றின்கரைத் தாலுகா இங்கேயே நின்றது. அவன் ஒற்றைக் காதோடு கேரளத்துக்காரனாகக் கடை வைத்துப் பிழைத்தான். "அவரு அறியாம செய்ததாக்கும். விடு, அக்கா" என்று எனக்கு ஆள்வைத்து எழுதுவான். அவன் விட்டுவிட்டான். விடுவது அவனுடைய பெருந்தன்மை.

மகனுக்குப் பதினோரு வயதானபோதுதான் ஊருக்கு வந்தோம். அத்தானுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பையன் "வணக்கம் அங்கிள்" என்றான். அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் அதே கூடத்தில் கூடினோம். என் கணவரும் தம்பியும் இருந்தார்கள். மூத்தவராக அவர்தான் ஜெபிக்க வேண்டும். "இண்ணைக்குப் பிள்ள ஜெபிக்கட்டு. அவன் வாயால கேக்கணும்" என்று சொல்லிவிட்டு முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

மகன் ஜெபித்தான். அப்பாவைச் சொன்னான், அம்மாவைச் சொன்னான், மாமா காதைச் சொன்னான். சீனத்தியையும் நாயையும் விடவில்லை. பிறகு நிறுத்தினான். நான் கண் விழித்துப் பார்த்தேன். அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. இன்னும் ஒரு பெயர் இருக்கிறது என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே காத்திருக்க விட்டேன். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி நான் ஆமென் சொன்னேன்.