பல் உலையில் சுட்ட கத்தி

1. உருவ வராத கத்தி

நஸீரா கத்தியை உறையோடு என் கொல்லுப்பட்டறை மேசையில் போட்டார்.

"ஹமீது நானா, இத உருவிக் காட்டுங்க."

இழுத்தேன், வரவில்லை. உறையை வைஸில் இறுக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். பிடி கழன்று கையோடு வந்தது. அலகு உள்ளே துருவாகி உறையோடு ஒட்டிக் கிடந்தது.

அது நான் லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்த கத்தி. நஸீராவின் கணவர் றிஸ்வான் சுழியோடி. கற்பிட்டிக் கடலில் சிலிண்டர் கட்டி இறங்கிக் கடலட்டை பிடிப்பவர். முந்திய நாள் சங்கு எடுக்க இறங்கியபோது, அடியில் யாரோ விட்டுப்போன நைலோன் வலை அவரைச் சுற்றிக்கொண்டது. கத்தியை இழுத்தார், வரவில்லை. கூட இறங்கியவர் கண்டு வந்து அறுத்துவிட்டார். அவர் காணாதிருந்தால் நாங்கள் ஜனாஸாவுக்குப் போயிருப்போம்.

எண்ணெய் பூசச் சொன்னேனே என்று கத்தினேன். தினமும் உப்புத் தண்ணீரில் கிடக்கிறவன் தினமும் எண்ணெய் பூசுவானா? பிழை என்னுடையது. பிழை என்னுடையதாக இருக்கும்போது நான் இன்னும் கூடுதலாகக் கத்துவேன்.

நஸீரா அசையவில்லை. "துருப் பிடிக்காத கத்தி ஒன்னு ஒங்களுக்குச் செய்யேலுமா, ஏலாதா? அது வரைக்கும் இவர் கடலுக்கு எறங்க மாட்டார். ஏலாட்டி சொல்லுங்க, நான் இவருக்குத் தையல் மெசின் ஒன்னு வாங்கிக் குடுக்கிறன்."

றிஸ்வான் வாசலில் நின்று காலால் மண்ணைக் கிளறினார். கடலட்டை சீசன் திறக்க ஆறு கிழமைதான் இருந்தது.

2. உலையில் எரிந்த காகிதம்

கடையில் விற்கும் ஸ்டெயின்லெஸ் கத்தி எனக்குப் பிடிக்காது. துருப் பிடிக்காது, உண்மைதான். நாலு கயிறு அறுத்ததும் மழுங்கிவிடும். கட்டாரில் மெசின் ஷொப்பில் வேலை செய்யும் என் ராத்தாவின் மகனிடம் கேட்டேன். ஊருக்கு வந்த ஒருவரிடம் அரை முழ நீளப் பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினான். நைட்ரஜன் ஸ்டீல் என்றான். அதோடு ஒரு காகிதமும் வந்தது.

அந்தக் காகிதத்தால்தான் அன்று உலையை மூட்டினேன்.

முப்பது வருடமாகச் செய்கிற மாதிரியே செய்தேன். சிவக்கக் காய்ச்சி, காந்தம் பிடிக்காத பதம் பார்த்து, எண்ணெயில் அமுக்கினேன். பிறகு அரத்தைப் போட்டேன், இறுகிய அலகில் அது வழுக்க வேண்டும். சவர்க்காரத்தில் இறங்குவது போல் அரம் இறங்கியது. அலகைக் கையால் வளைத்தேன். வளைந்தது.

றிஸ்வான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதால பாணுக்கு மாஜரின் பூசலாம் நானா."

கட்டாருக்குப் போன் போட்டு, போலி இரும்பு அனுப்பியிருக்கிறாய் என்று ஏசினேன். கேட்டுக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, பேப்பர்ல என்ன சூடு போட்டிருந்திச்சி?"

நான் உலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாமா, பேப்பர் எங்க?"

"உலைக்குள்ள."

அவன் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். பிறகு வட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பி, விளக்கமும் சொன்னான். இரும்பைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். சாதாரண ஸ்டெயின்லெஸில் கடினத்துக்குப் போடும் கார்பன் அந்தக் குரோமியத்தில் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதில் கார்பனின் வேலையை நைட்ரஜன் செய்கிறது, ஆகவே குரோமியம் காவலுக்கு மிச்சமிருக்கும். ஆனால் ஆயிரத்தைம்பது பாகைக்கு மேல் சூடு வேண்டும், அதில் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும், உடனே ஆற வேண்டும், பிறகு உறைய வேண்டும். என் கரி உலை இத்தனைக்கும் எங்கே போகும்?

3. பல், இறால், கேக்

சிலாபத்தில் பல் கட்டுகிற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கருவிகளுக்குச் சாணை பிடிப்பவன் நான். அவரிடம் மின்சார உலை உண்டு, ஆயிரத்து நூறு வரை போகும். உள்ளே என் கை மணிக்கட்டு வரைதான் நுழையும். எனவே அலகை நிமிர்த்தி, அந்த அளவுக்கு வெட்டினேன். அந்தக் கத்தியின் நீளத்தை முடிவு செய்தது ஒரு பல் உலை.

மாஸ்டர் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டு என் அலகுக்கு இடம் விட்டார். "ரெண்டும் கடிக்கிற சாமான்தானே" என்றார்.

அலகு வெளுத்து மஞ்சளானது. கருகிவிட்டது, எடு எடு என்று என் கண் சொன்னது. நான் இடுக்கியை நீட்டினேன். மாஸ்டர் என் கையில் அடித்து, சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். அரை மணித்தியாலம் நின்றே செத்தேன். பிறகு அலகை இரண்டு தடித்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் அமுக்கி ஆற்றினோம்.

அங்கிருந்து நேரே இறால் பதப்படுத்தும் இடமொன்றின் உறைகுளிர் அறை. அங்கே தெரிந்த ஒருவர் அலகை இறால் தட்டில் வைத்தார். காகிதம் இன்னும் கூடுதலான குளிர் கேட்டது, எங்களுக்குக் கிடைத்தது இதுதான். மறுநாள் எடுத்தபோது பனி மூடி, இறால் மீசை ஒன்று ஒட்டியிருந்தது.

கடைசியாக இருநூறு பாகையில் இரண்டு தரம், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம் வாட்ட வேண்டும். அதற்கு நஸீராவின் கேக் அடுப்பு. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார், அதுவும் ஒயில் பேப்பர் விரித்து.

அரத்தைப் போட்டேன். வழுக்கியது. மறுபடி போட்டேன், வழுக்கியது. நான் அவருடைய குசினிக்குள் துள்ளினேன். கேக் தட்டு கீழே விழுந்தது, அவர் ஏசினார், நான் இன்னும் துள்ளினேன்.

4. களப்பில் மூன்று கிழமை

புதுக் கத்தியையும் ஒரு பழைய லொறி ஸ்பிரிங் கத்தியையும் உறையோடு இறங்குதுறைத் தூணில் கட்டிக் களப்பின் உப்புத் தண்ணீரில் விட்டேன். மூன்று கிழமை கழித்து நஸீராவின் முன்னால் தூக்கினேன். பழையது அசையவில்லை. புதியதைப் பாசியைத் துடைத்துவிட்டு அவர் கையில் கொடுத்தேன். இரண்டு விரலால் உருவினார். செருகினார். உருவினார். இருபது தரமாவது செய்திருப்பார். பிறகு புருசனைப் பார்த்துச் சொன்னார்: "போங்க."

இந்தத் தொழில் பழகுகிற இளம் ஆட்களுக்கு என்ன சொல்வேன்? உங்கள் கண் கெட்டிக்காரக் கண்தான், அது பழகிய இரும்புக்கு மட்டும். புது இரும்பு வந்தால் அதோடு வருகிற காகிதத்தைப் படியுங்கள். நான் படிக்காமல் செய்த முதல் கத்தியோடு றிஸ்வான் இறங்கியிருந்தால், உறையிலிருந்து உருவியும் அவருக்குப் பிரயோசனம் இருந்திருக்காது.

சீசனின் முதல் நாள் படகு கரைக்கு வந்தபோது நானும் நஸீராவும் நின்றிருந்தோம். கடலட்டை ஒன்றுகூட இல்லை. படகு நிறையப் பழைய நைலோன் வலை. சிலிண்டரில் இருந்த காற்று முழுவதையும் றிஸ்வான் வலை அறுத்தே முடித்திருந்தார்.

"அறுக்க அறுக்க ஆசையா இரிந்திச்சி" என்றார்.

நஸீரா கத்தியை வாங்கி உருவி, விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்தார். மழுங்கவில்லை. பிறகு வெறுமையாகக் கிடந்த கூடையைப் பார்த்தார். "நாளைக்கி அட்டை புடிங்க" என்றார்.