வரப்பில் வைத்த நாற்று முடி

பெண்களின் உழைப்பைப் பற்றி ஆராய்வதுதான் என் பிழைப்பு. கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய நேரம் போக, மற்ற நேரமெல்லாம் நடவு வயல்களில்தான் கிடந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கும்பகோணத்தில் ஒரு மாடி வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கருத்தரங்குகளில் தனித்து வாழும் பெண்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு வந்து, நானே பூட்டைத் திறந்து நானே விளக்கைப் போடுவேன்.

தாராசுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நடவு கோஷ்டி எனக்கு நல்ல பழக்கம். வரப்பில் புது ஆள் யார் வந்தாலும் அந்தப் பெண்கள் விடமாட்டார்கள். ஒரு பிடி நாற்றைக் கட்டிய முடியைக் காலடியில் வைத்து வழிமறிப்பார்கள். ஏதாவது காசு கொடுத்தால் குலவை போட்டு, வந்தவர் குடும்பத்தைப் பேர் சொல்லி வாழ்த்துவார்கள். உரக்கடைக்காரர், வேளாண்மை ஆபீசர், என்னோடு வந்த சக ஆசிரியர்கள் என்று ஒருவரும் தப்பியதில்லை. என்னை மட்டும் மறித்ததே இல்லை. என்னையும் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டார்கள் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. வீட்டில் எனக்கு மட்டும் சோறு வைக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். சொந்தம் என்று எனக்கு இருந்தது அதுதான்.

போன சம்பா நடவில் எல்லோரும் கரையேறி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கோஷ்டியைக் கூட்டிவரும் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கு ஏன் நாத்து வைக்கலன்னு தெரியும் அக்கா. நானும் உங்க ஆளுதானே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது இல்லீங்க டீச்சர். வாங்கிக்கிட்டா புருஷன், புள்ளைங்க பேரச் சொல்லி வாழ்த்தணும். உங்களுக்கு யாரச் சொல்றது? மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் விட்டுட்டோம்."

மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். இத்தனை வருஷமும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில் கிடந்த ஒரு நாற்று முடியை எடுத்து என் காலடியில் நானே வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

"வாழ்த்துங்க" என்றேன்.

"யாரு பேரச் சொல்லி டீச்சர்?"

"என் பேரச் சொல்லி."

அக்கா மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள்.

"உங்க பேரு என்னங்க டீச்சர்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.