முருகன் துணையோடு ஒரு விண்டோஸ் அப்கிரேட்

புந்தோங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் விண்டோஸை அப்கிரேட் செய்ய லேப்டாப்பைக் கொடுத்திருந்தேன். இன்று காலை வாங்கி வந்து, என் ஆற்றுநீர் ஆய்வுக்கான புரோகிராமிங் மென்பொருளை ஏற்றினால், ஏறவே மாட்டேன் என்கிறது. நாளை பேராசிரியரிடம் முடிவுகளைக் காட்ட வேண்டும்.

போன் செய்தேன்.

"என் வேலையில குறை இல்ல தங்கச்சி. பொம்பளப் புள்ள உனக்கு எதுக்கு லா புரோகிராமிங்? கேம் ஏதாச்சும் ஏத்தி வைரஸ் வந்திருக்கும்."

மதியம் வரை நோண்டியதில் விஷயம் தெரிந்தது. புது யூசர் பெயராக "முருகன் துணை" என்று தமிழில் போட்டிருக்கிறார், கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல. என் ஃபோல்டருக்கும் அதே பெயர். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் மென்பொருள் திணறியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் இன்னொரு யூசரை உண்டாக்கினேன். உடனே ஏறிவிட்டது.

"சரியாயிடுச்சு" என்று மட்டும் அவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். எப்படி என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவரே அழைத்தார். குரலில் மரியாதை கூடியிருந்தது.

"தங்கச்சி, காலேஜ் பிள்ளைங்க மூணு பேரு இதே கம்ப்ளைன்டோட கடையில நிக்கிறாங்க. நீங்க எப்படிச் சரி பண்ணீங்க? தோலோங் லா, ஒரு உதவியா நெனச்சு கொஞ்சம் சொல்லுங்க."

"முருகன் துணை இருக்கு அண்ணே. பொம்பளப் புள்ள நான் எதுக்கு?"

வைத்துவிட்டேன்.

அந்த மூன்று பேரைத் தெரிந்தவர்கள் கமென்டில் டேக் செய்யுங்கள், காப்பாற்றிவிடலாம். இந்தப் பதிவை நண்பர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். அண்ணனும் இன்று காலை வரை நண்பராகத்தான் இருந்தார்.