நனையாத சட்டைக்கை

முதலில், மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரின் மேல் விரலால் இரண்டு தட்டு. "சரியா வேல செஞ்சிருக்கடா ராசா, ரொம்ப நன்றி." அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம். ஓரெஸ்ட் நாட்யுக் வெந்நீர்த் தொட்டி பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் இதுதான் வழக்கம். கடுங்குளிர் மாகாணமான மனிடோபாவின் அந்தச் சிற்றூரில், கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில் உட்கார்ந்து குளிக்கும் இந்தத் தொட்டி இல்லாத வீடு குறைவு. பனி விழத் தொடங்கிவிட்டால் அவருடைய தொலைபேசி ஓயாது.

"விழுந்த பிரேக்கரச் சும்மா சும்மா தூக்கி விடாதீங்க" என்று எல்லாரிடமும் கெஞ்சுவார். "எங்கயோ கரண்டு கசியுது. தண்ணிக்குள்ள உக்காந்திருக்கிற உங்கள அது காப்பாத்துது. அதுகிட்டப் போய் மல்லுக்கட்டுறீங்களே!"

குள்ளமான உருவம். தாடியில் எப்போதும் கொஞ்சம் உறைபனி. திருப்புளியைக் கம்பளித் தொப்பியின் மடிப்பில் செருகியிருப்பார். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கோட்டுக்குள் அக்குளோடு அணைத்துக்கொண்டே நடப்பார், பால்குடிப் பிள்ளை மாதிரி. தண்ணீருக்குப் பக்கத்தில் போகுமுன் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டியே ஆக வேண்டும். "கை நனைஞ்சா தொடச்சுக்கலாம். சட்டக்கை நனைஞ்சா, வண்டிக்குப் போறதுக்குள்ள உறைஞ்சு பலகையாயிரும்." இத்தனை வருடக் குளிரில் அவருடைய சட்டைக்கை நனைந்து யாரும் பார்த்ததில்லை.

ஜனவரியில் ஒரு காலை, வெர்னா டாலஃப்சன் அவரைக் கூப்பிட்டாள். அவள் கணவன் ஆர்விட், ஓரெஸ்டோடு பள்ளியில் ஐஸ் ஹாக்கி ஆடியவர். தானிய லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை இறுக மூடிய முஷ்டியாகவே நின்றுவிட்டது. வெந்நீரில் அரைமணி நேரம் கிடந்தால்தான் விரல்கள் விரியும்.

"நேத்துலேருந்து பிரேக்கர் நிக்க மாட்டேங்குது, ஓரெஸ்ட். அவரு கையும் தெறக்கல. நகம் உள்ளங்கையில பதியுது" என்றாள். வெளியே மைனஸ் முப்பது. தண்ணீர் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். அதோடு தொட்டியின் கதை முடிந்தது. இன்னொரு தொட்டிக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, ஓரெஸ்ட் ஹீட்டரின் கம்பிகளைக் கழற்றினார். மின்சாரத்தை விட்டதும் பிரேக்கர் விழுந்தது. "ஹீட்டர் நல்ல பிள்ள." நிறுத்திவிட்டுப் பம்பைக் கழற்றினார். மறுபடியும் விழுந்தது. "இவனும் இல்ல." தண்ணீரைச் சுத்தம் செய்யும் சின்ன ஓசோன் பெட்டியின் கம்பியைப் பிடுங்கியதும் பிரேக்கர் அசையாமல் நின்றது. வெர்னாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தப் பெட்டி வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஏன் என்று பார்க்கக் குனிந்தவர், தொட்டியின் பக்கவாட்டுக் கதவுக்குள்ளிருந்து ஒரு பஞ்சுப் போர்வையை இழுத்தார். பின்னாலேயே இன்னொன்று. அதற்கும் பின்னால் ஆர்விட்டின் பழைய ஹாக்கி ஜெர்சி.

வெர்னாவின் முகம் சிவந்தது. "குளிருமேன்னு... நான்தான் வெச்சேன்."

"யாருக்குக் குளிரும்? பம்புக்கா?" ஓரெஸ்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பம்பு மூட்டுல சொட்டுச் சொட்டா ஒழுகுது. அந்த ஆவி வெளிய போக வழியில்லாம நீங்க போர்த்தி விட்டுட்டீங்க. அது அங்க வேர்த்துக் கெடந்திருக்கு, பாவம்." சிரிப்பு நின்றதும் ஜெர்சியை மடித்து அவளிடம் தந்தார். "தப்பா நெனக்காதீங்க வெர்னா. இவ்வளவு பாசமா பாத்துக்கிட்ட தொட்டிய நான் பாத்ததில்ல."

ஒழுகிய பம்பு மூட்டை இறுக்கினார், ஈரத்தைத் துடைத்தார், ஹீட்டரையும் பம்பையும் மறுபடி இணைத்தார். ஓசோன் பெட்டி இல்லாமலே தொட்டி ஓடும் என்றார். ஓடத் தொடங்கிய பிறகும் அவர் கிளம்பவில்லை. தண்ணீர் சூடாகாமல் அவர் எந்த வீட்டையும் விட்டுப் போனதில்லை. சமையலறையில் ஆர்விட்டோடு சீட்டாடித் தோற்றுக்கொண்டே இருந்தார். "ஒத்தக் கையிலயே இந்தப் போடு போடுறியேடா, பாவி!"

மதியம் சாய்ந்ததும் இருவருமாக ஆர்விட்டைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் அசைந்தது. ஒவ்வொன்றாக எல்லா விரல்களும் விரிந்தன. வெர்னா அழுதுவிட்டாள்.

"உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல, ஓரெஸ்ட்."

"பிரேக்கருக்குச் சொல்லுங்க. நான் சும்மா வந்து நின்னேன்." சுருட்டியிருந்த சட்டைக்கையை இறக்கி, கோட்டை மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டார்.

"இங்க வாடா" என்றார் ஆர்விட். விரிந்த கையைக் குலுக்குவதற்காகத் தண்ணீருக்கு மேலே நீட்டினார். குளிர்காற்று பட்டதும் விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கின.

ஓரெஸ்ட் கையுறையைப் பல்லால் இழுத்து உதறினார். நண்பனின் கையைப் பிடித்து, கோட்டோடும் சட்டையோடும் முழங்கைவரை வெந்நீருக்குள் இறக்கி, அங்கேயே குலுக்கினார்.