வேலப்பன் சாரின் வால்வும் மதிலில் இருந்த கோளாம்பியும்

வேலப்பன் சார் போய்விட்ட செய்தி எனக்கு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் வந்தது. அமரவிளை தாண்டும்போது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. ரோஜாப்பூ வளையத்துக்குள் சாரின் பழைய போட்டோ. அடியில், "நமது கோவில் மைக்குக்கு என்றென்றும் மின்சாரம் தந்த புண்ணியவான்" என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் உற்சவக் கமிட்டியின் செயலாளர். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சாருக்குக் குணமாகி வருகிறது என்றுதான் முந்தின நாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த வரியைப் படித்ததும் அழுகைக்கு முன்னால் அருவருப்புதான் வந்தது. எது அவரை வாட்டி எடுத்ததோ அதைச் சொல்லியே புகழ்ந்திருந்தார்கள்.

சாரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் நான் மரியாதை கெட்டு நடந்துகொண்டேன் என்று ஊரில் பேச்சு. பேசுகிறவர்களும் படிக்கட்டும்.

பாறசாலைப் பக்கம் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் அக்கவுண்டன்சி, நான் பிசிக்ஸ். வீடும் எதிரெதிர் வீடு. அவருக்கு இடது காது முன்பே போய்விட்டது. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலிக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரே, எனக்கு இனி வலத்தே செவி மட்டும்தான் உண்டு. அதும் போவும்னு டாக்டர் பறஞ்சாச்சு. போறதுக்கு முன்ன வீணை ஒருக்க நல்லாட்டு கேக்கணும். தந்திய மீட்டின பொறவு சத்தம் நூலு போல இழுத்துட்டே போவும் இல்லியா, அந்த வாலு எனக்கு இப்பம் கேக்கல்ல."

கடையில் நல்ல ஹெட்ஃபோன் கிடைக்குமே என்றேன். அதெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டார், சத்தம் காதில் குத்துகிறதாம். சின்ன வயதில் அவர் கேட்டது வால்வு ரேடியோ. அந்தக் கண்ணாடிக் குமிழ் சூடாகிச் சிவந்த பிறகு வரும் சத்தத்துக்கு ஒரு பதம் உண்டு என்றார். வால்வு வைத்து ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் செய்துதர முடியுமா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அமரவிளையில் பழைய சாமான் விற்கும் ஆக்கர்க்கடையில் செத்துப்போன இரண்டு வால்வு ரேடியோக்கள் கிடைத்தன. டிரான்ஸ்ஃபார்மரை மோட்டார் காயில் சுற்றுகிற ஒருவர் சுற்றிக் கொடுத்தார். சாரின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். மைனியின் அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, ஓட்டை போட்டு, அதன்மேல் வால்வுகளை நிறுத்தினோம். உள்ளே ஓடுவது ஆளைக் கொல்லுகிற வோல்டேஜ். கரண்டை நிறுத்தினாலும் கண்டன்சரில் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். அதனால் ஒரு கையால் மட்டுமே தொட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். சார் ஒழுங்காக இடது கையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உட்காருவார். மைனிக்குச் சிரிப்பாக வரும். "சத்ய உண்ண உக்காந்தது போல உண்டு. எலையப் போடட்டா?" என்பார்.

வால்வு சிவந்தது, பாட்டும் வந்தது. கூடவே ஒரு இரைச்சலும் வந்தது. ம்ம்ம் என்று, அடைபட்ட வண்டு போல. கண்டன்சரை மாற்றினேன். வயர்களை முறுக்கிக் கட்டினேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் பற்றவைத்தேன். போகவில்லை. என் படிப்பின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அது கர்க்கடக மாதம், ஆடி. சாயங்காலமானால் கோவிலில் ராமாயணப் பாராயணம். அதை ஊருக்கே கேட்கவைக்க புனல் போல வாய் விரிந்த ஒரு கோளாம்பி ஸ்பீக்கரைச் சாரின் மதில்மேல் கட்டி, அதன் வாயை வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். அதுவரை காலேஜ் விட்டு வந்து சாயங்காலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்ப்ளிஃபையரைப் போட்டபோது இரைச்சலே இல்லை. சாயங்காலம் கோளாம்பி வாயைத் திறந்தது, ஹெட்ஃபோனில் வண்டும் வந்துவிட்டது.

கோளாம்பியின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கோவில் மைக்செட்டுக்குப் போனது; மைக்செட்டின் கரண்ட் வயர் சாரின் வீட்டு மீட்டர் போர்டில் வந்து நின்றது. கோவிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மைக்குக்கு ஒரு லைன் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் கேட்பதுகூட இல்லை, வந்து மாட்டிவிட்டுப் போவார்கள். மாட்டியவன் நியூட்ரலைத் தேடச் சோம்பல்பட்டு, வீட்டு எர்த்தில் முறுக்கிவிட்டிருந்தான். அந்தக் கரண்ட்தான் எர்த் வழியாக வந்து எங்கள் தட்டுக்குள் இரைந்துகொண்டிருந்தது. எர்த் கம்பி எங்காவது அறுந்திருந்தால் மைனி கிரைண்டரைத் தொட்டதும் ஷாக் அடித்திருக்கும்.

பிடுங்கி எறியப் போனேன். சார் என் கையைத் தட்டிவிட்டார். "அது கோவில் காரியம் ஆக்கும் டீச்சரே. லைனை அறுத்தா, நாளைக்கு எனக்கு ஒண்ணு வந்தா இந்த வீட்டுல ஆளு ஏறாது." கடைசியில் நானே அதை நியூட்ரலுக்கு மாற்றிக் கொடுத்தேன். உள்ளே இருந்த இரைச்சல் போய்விட்டது. மதில்மேல் இருந்த இரைச்சல் அப்படியே இருந்தது. அது ஹெட்ஃபோனையும் மீறிக் காதுக்குள் ஏறியது.

நான் தொணதொணத்து அவரைக் கமிட்டி ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். நிறுத்தச் சொல்லி அல்ல. கோளாம்பியின் வாயை ரோட்டுப் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று, யாசகம் கேட்பதுபோலக் கேட்டார். செயலாளர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

"சாருக்குத்தான் செவி கேக்காதுல்லா? பின்னே எங்க வச்சா என்ன?"

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். திரும்பி வரும் வழியில், "அவன் தமாசு பறஞ்சதாக்கும், விட்டுருங்கோ" என்றார். அவர்களுடைய சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. சாரின் சிரிப்பு அதைவிட அருவருப்பாக இருந்தது. நினைவஞ்சலி என்பதற்காக அதை மறைத்து எழுத எனக்கு வராது.

பாராயண மாதம் முடிந்து கோளாம்பி ஓய்ந்தது. ஒரு மத்தியானம் மைனி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். சார் கண்ணை மூடி ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். ஒரு விரலை மட்டும் உயர்த்தி என்னை வாசலிலேயே நிறுத்தினார். வெகுநேரம் கழித்து, "உண்டு டீச்சரே. நூலு அறாம போவுது" என்றார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த நிமிடம் மதிலில் இருந்து "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அலறியது. யாருடைய வீட்டிலோ கல்யாணமாம், மைக்செட்டைச் சரிபார்க்கிறார்களாம். சார் ஹெட்ஃபோனைக் கழற்றி, துண்டால் துடைத்து, மேசைமேல் வைத்தார். பிறகு ஓணம், பிறகு விரதப் பாட்டு, பிறகு உற்சவம். உற்சவம் முடிந்து கொடி இறங்கியபோது வலது காதும் போயிருந்தது. டாக்டர் சொன்னபடி அது எப்படியும் போயிருக்கும். ஆனால் அந்தக் காதுக்கு மீதி இருந்த மாதங்களைத் தின்றது வியாதி இல்லை.

இனி, இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். கோவில் மைதானத்தில் பந்தல், மைக், அதே கோளாம்பி. சார் ஒலியின் காவலராம். ஊரின் குரலாம். காது கேட்காத மனிதனைக் காதருகே கேலி செய்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே பேசினார்கள். செயலாளர் கடைசியில் எழுந்து, சாரின் நினைவாக அந்த மதிலில் புதிய கோளாம்பி வைக்கத் தீர்மானித்திருப்பதாக அறிவித்தார். "மைனி மகளுக்க கூட மார்த்தாண்டம் போறதுனால வீடு பூட்டிக் கெடக்கும். அதுனால லைன் எதிர்வீட்டு டீச்சர் தருவாவ. டீச்சர் ரெண்டு வாக்கு பறையணும்."

என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கை தட்டினார்கள். நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

"நான் லைன் தரமாட்டேன். சாருக்க மதில்ல இனி கோளாம்பி வைக்கப்பிடாது. திருப்பி வையுங்கோன்னு அவரு உங்ககிட்ட வந்து கேட்டாரு. நீங்க சிரிச்சிய."

"செத்த மனுசனுக்க பேருலயா டீச்சரே இப்படி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவருக்க பேருலதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இதுதான் நான் செய்த மரியாதைக்குறைவு.

மைனி ஊருக்குப் புறப்பட்ட அன்று என்னைக் கூப்பிட்டு ஆம்ப்ளிஃபையரைக் கையில் கொடுத்தார். ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி வந்து, "அண்ணைக்கு நீங்க மைக்குல பறஞ்சீங்கல்லா, தரமாட்டேன்னு? அவரு வீட்டுக்குள்ள டெய்லி பறையுததாக்கும் அது. எனக்கிட்ட மட்டும்" என்றார்.

அந்த ஆம்ப்ளிஃபையர் இப்போது என் மேசையில் இருக்கிறது. வால்வு என்றாவது ஒருநாள் எரிந்துபோகும். அடுத்த உற்சவத்துக்கு லைன் கேட்டு வருவார்கள். வேலப்பன் சார் கதவைச் சாத்திக்கொண்டு மைனியிடம் சொன்ன அந்தத் தரமாட்டேனை நான் வைத்திருக்கிறேன். அதைக் கதவைத் திறந்துவைத்துச் சொல்வேன்.