பேசுவதற்குச் சம்பளம் வாங்கப் போனவர்

அந்தமானின் லாங் ஐலண்டில் நான் காலை வகுப்புக்குள் நுழையும்போது கைப்பேசி ஒலித்தது. போர்ட் பிளேரில் கருப்பையா அண்ணன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், வங்காளி. "மேடம், அங்கிள் நஹி ரஹே" என்றார். அண்ணன் இனி இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம். டீ கொடுக்கக் கதவைத் தட்டியபோது திறக்கவில்லையாம். அன்றைய படகு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. மறுநாள் கடல் சரியில்லை என்று படகு விடவில்லை. போர்ட் பிளேரில் அவர் குடியிருந்த பத்துபஸ்திக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவர் அறையைக் கழுவி விட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது.

கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்குத் தெரிந்த கருப்பையா, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து "எந்தக் கப்பல், எத்தனை பேர்?" என்று கேட்டவர். நான் எழுதப்போவது கம்போடியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்த கருப்பையாவைப் பற்றி. அதைச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

நாங்கள் இருவரும் அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தது ஒரே வருடம். எனக்கு இருபத்தொரு வயது. அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடைசித் தேர்வுக்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் மனைவி இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. கம்போடியாவில் ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேவை, பட்டம் இருந்தால் போதும் என்ற விளம்பரத்தைப் பார்த்து நான் விண்ணப்பித்ததைக் கேள்விப்பட்டு அவரும் விண்ணப்பித்தார்.

"இந்த வயசுல எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"வீட்ல செவுத்தோடதான் பேசிட்டிருக்கேன் தங்கச்சி. அங்க பேசுறதுக்கே சம்பளமாமே! ஏக்தம் நமக்கான வேலை."

வரைபடத்தில் பார்த்தால் எங்கள் தீவுக்கு மெயின்லேண்டை விடத் தாய்லாந்துதான் பக்கம். ஆனாலும் மேற்கே சென்னைக்குப் போய்விட்டு மறுபடி கிழக்கே பறக்க வேண்டியிருந்தது. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "கீழ நம்ம ஊரு இருக்கும் பாரு" என்றார். மேகம்தான் தெரிந்தது. அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

பள்ளியில் சின்னக் குழந்தைகளை அவரிடம் விட்டார்கள். காலையிலிருந்து "இது நாய், அது பூனை" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு மாலையில் படிக்கட்டில் வந்து உட்காருவார். ஊர்க்காரர்களின் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. எனக்காவது அறைத்தோழிகள் இருந்தார்கள். ஒரு நாள் எங்கள் தீவுக்கே உரிய இந்தி கலந்த தமிழில் சொன்னார்: "காலையில இருந்து வாய் ஓயல. ஆனா யார்கிட்டயும் பேசல, மத்லப், ஒருத்தர்கிட்டயும்."

பெரியவர்களுக்கான மாலை வகுப்பு தொடங்கியபோது மாலிஸ் அம்மா வந்தார். தையல்கடை வைத்திருந்தவர், கணவரை இழந்தவர். அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டுமே வரும் என்பதால் படிக்க வந்தார். அவருக்குத் தனியாக ஒரு மணி நேரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை அண்ணனுக்கு வந்தது. மாலிஸ் என்றால் அவர்கள் மொழியில் மல்லிகையாம். அதை என்னிடம் வந்து சொன்ன அன்று அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு; அவர்கள் பேசுவது கேட்கும். ஆரம்பத்தில் அவர்கள் பேசியது மீன், மழை, தையல் ஊசி பற்றி. பிறகு அந்த அம்மா உடைந்த ஆங்கிலத்தில் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அண்ணனும் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். என்னிடம் ஒருமுறையும் சொல்லாததையெல்லாம் சொன்னார். நேரம் முடிந்தும் இருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் மகளைப் பார்க்கப் போக அந்த அம்மாவுக்கு விசா நேர்காணல் வந்தது. பயிற்சிக்காக அண்ணன்தான் அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்டார். திரும்பி வருவீர்களா என்பதுதான் முக்கியமான கேள்வி.

"ஐ வில் கம் பேக். மை ஹவுஸ் இஸ் ஹியர்" என்பார் அந்த அம்மா, குனிந்தபடி.

தரையைப் பார்த்துச் சொன்னால் அதிகாரி நம்பமாட்டார் என்று அண்ணன் அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கடைசியில் அவர் நிமிர்ந்து, அண்ணன் கண்களைப் பார்த்தே சொன்னார். தடுப்பின் இடுக்கு வழியே எனக்குத் தெரிந்தது. அண்ணன் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

விசா கிடைத்தது. ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சில மாதங்கள் கழித்து, மகள் தன்னை அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாள், தையல்கடையை விற்றாகிவிட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அதில் ஒரு பிழைகூட இல்லை. அண்ணன் எனக்குப் படித்துக் காட்டினார்.

"நான் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் போல" என்றார். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி, "சந்தோஷமா இருக்கட்டும்" என்றார்.

வருட முடிவில் நான் ஊர் திரும்பினேன். அவர் இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்து பத்துபஸ்தியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிடுவார். விமானம் தாழ்வாகப் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கம்போடியாவுக்குப் போனது வீண்தானோ என்று ஒருமுறை கேட்டேன்.

"வீணா? அங்க ஒருத்தங்க தினம் என்கிட்ட உட்கார்ந்து பேசினாங்க தங்கச்சி. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

மாலிஸ் அம்மாவின் எண் என்னிடம் இல்லை. அண்ணனின் கைப்பேசியைத் தூரத்து உறவினர் யாரோ எடுத்துப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. கம்போடியாவில் அறைத்தோழிகள் வெளியே போயிருந்த ஒரு மதியம், அடுப்பருகே நின்றபடி நான் பாத்திரத்திலிருந்தே நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்ததை அவர் வாசலிலிருந்து பார்த்துவிட்டார். உள்ளே வந்து ஒரு தட்டைக் கழுவி மேஜையில் வைத்தார். "தனியா இருக்கிறவங்க நின்னுக்கிட்டுச் சாப்பிடக் கூடாது. உட்காரணும். நமக்கு நாமதான் விருந்தாளி."

பத்துபஸ்தியிலிருந்து லாங் ஐலண்டுக்குத் திரும்பிய அன்று பசியே இல்லை. சோறு வடித்து, குழம்பைச் சுட வைத்து, அடுப்பருகே நின்றபடியே சாப்பிடக் கரண்டியை எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்தேன். தட்டைக் கழுவினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.